பணிக்காலம் முடித்து ஓய்வுபெற்றவருக்கு ஊன விகிதம் 20-லிருந்து 50 ஆகுமா? நிலுவை எந்தத் தேதியிலிருந்து கிடைக்கும்?

கேள்வி: ஓய்வுபெற்ற ஹவில்தார், வேலூர் மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். காலாட்படையில் 24 ஆண்டுகள் பணியாற்றி, 2012 ஜூன் 30 அன்று பணிக்காலம் முடிந்து ஹவில்தாராக ஓய்வுபெற்றேன். ஓய்வுக்கு முன் உடல்நிலையை மதிப்பிடும் மருத்துவக் குழுவான ரிலீஸ் மெடிக்கல் போர்டில் எனக்கு இரண்டு குறைபாடுகள் பதிவாயின. லடாக்கில் ரோந்து சென்றபோது பனி உறைந்த சரிவில் சறுக்கி விழுந்து வலது முழங்காலில் ஏற்பட்ட காயம் முதலாவது. அது ராணுவப் பணியால் ஏற்பட்டது என்றும், 20 சதவீதம், வாழ்நாள் முழுமைக்கும் என்றும் எழுதினார்கள். இரண்டாவது உயர் ரத்த அழுத்தம். அதற்கு 30 சதவீதம் மதிப்பிட்டும், பணியால் ஏற்பட்டதும் அல்ல, பணியால் அதிகரித்ததும் அல்ல என்று முடித்துவிட்டார்கள். இரண்டையும் சேர்த்த கூட்டு மதிப்பீடு 40 சதவீதம்.

தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்து அந்த மெடிக்கல் போர்டின் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-16 படிவ நகலை வாங்கி வைத்திருக்கிறேன். முழங்காலுக்கான பகுதியில் விபத்து நடந்த தேதி, இடம், காய அறிக்கை என்று எல்லாம் விவரமாக இருக்கின்றன. ரத்த அழுத்தத்துக்கான பகுதியில், பணிக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டா என்ற கேள்விக்கு எதிரே ‘இல்லை’ என்ற ஒரே சொல்லும், காரணம் என்ற இடத்தில் ‘அமைதிப் பகுதியில் தொடங்கியது’ என்ற ஒரே வரியும் மட்டுமே உள்ளன. அந்த அமைதிப் பகுதிக்கு, அதாவது களப் பணி இல்லாத முகாமுக்கு, வருவதற்கு முன் நான் பல ஆண்டுகள் உயரமான மலைப் பகுதியிலும் காஷ்மீரிலும் இருந்தேன் என்பது அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை.

இன்றுவரை எனக்குப் பணி ஓய்வூதியத்துடன் 20 சதவீதத்துக்கான ஊனக் கூறு (ஊனத்துக்காகச் சேர்த்துத் தரும் தொகை) மட்டுமே வருகிறது. 20 சதவீதத்தை 50 ஆக உயர்த்திக் கணக்கிடும் ‘ரவுண்டிங் ஆஃப்’ சலுகையைக் கேட்டு 2019-இல் எழுதினேன். நான் உடல்நலக் காரணத்தால் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டவன் அல்ல, பணிக்காலம் முடித்து வந்தவன், ஆகவே சலுகை பொருந்தாது என்று பதில் வந்தது. அந்தப் பதில் சரிதானா? ரத்த அழுத்தத்தையும் சேர்த்துக் கேட்க வழி உண்டா? கேட்டுக் கிடைத்தால், தொகை 2012 முதல் கணக்கிடப்படுமா, நான் எழுதிய 2019 முதலா, அல்லது உத்தரவு வரும் நாள் முதலா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற சுபேதார், எழுத்தர் பிரிவு, மதுரை

தம்பி, 2019-இல் உங்களுக்கு வந்த பதில் அன்றைய தேதியிலேயே சட்டத்துக்கு ஒவ்வாதது. 2001 ஜனவரி 31 தேதியிட்ட பாதுகாப்பு அமைச்சகக் கடிதம்தான் இந்தச் சலுகையின் மூலம். 50-க்குக் குறைவான விகிதம் 50 ஆகவும், 50 முதல் 75 வரை இருப்பது 75 ஆகவும், 76 முதல் 100 வரை இருப்பது 100 ஆகவும் கணக்கிடப்பட வேண்டும், அது 1996 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வரும் என்று அதில் உள்ளது. அந்தக் கடிதம் உடல்நலக் காரணத்தால் விடுவிக்கப்பட்டவர்களை மட்டுமே மனத்தில் வைத்து எழுதப்பட்டது உண்மைதான். ஆனால் 2014 டிசம்பர் 10 அன்று ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம், வயது முதிர்ந்தோ பணிக்காலம் முடிந்தோ ஓய்வுபெற்றவருக்கும், அவருடைய குறைபாடு ராணுவப் பணியால் ஏற்பட்டதாகவோ அதிகரித்ததாகவோ இருந்தால், இந்தச் சலுகை உண்டு என்பதை ஏற்றுக்கொண்டது. அரசு தரப்பின் மேல்முறையீடுகள் தள்ளுபடியாயின. அந்தத் தீர்ப்புக்குப் பிறகும் பழைய காரணத்தையே எழுதி அனுப்பும் வழக்கத்தால் எத்தனையோ பேர் மனம் தளர்ந்து நின்றுவிட்டார்கள் என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

இப்போது பணத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம், ஏனென்றால் எதற்காகப் போராடுகிறோம் என்பது அதில்தான் தெளிவாகும். நூறு சதவீத ஊனத்துக்கு ஊனக் கூறு கணக்கில் கொள்ளத்தக்க ஊதியத்தில் 30 சதவீதம். விகிதம் குறையக் குறைய அதே கணக்கில் தொகையும் குறையும். எளிமைக்காக ஊதியத்தை 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு சதவீதத்துக்கு 12,000, இப்போது நீங்கள் பெறும் 20 சதவீதத்துக்கு 2,400, அது 50 ஆனால் 6,000. மாதம் 3,600 ரூபாய் வித்தியாசம், அதன் மேல் அகவிலை நிவாரணம் தனி.

இங்கே பலர் கவனிக்காமல் விடும் ஒன்று இருக்கிறது. உங்கள் முழங்காலுக்கான 20 சதவீதம் தனியாகவே 50 ஆகிவிடும். ரத்த அழுத்தத்தையும் போராடிச் சேர்த்துக் கூட்டு மதிப்பீடு 40 ஆனாலும், அதுவும் அதே 50-தான். ஆகவே இன்றைய நிலையில் ரத்த அழுத்தத்துக்காக நடத்தும் வழக்கு உங்கள் கைக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொண்டுவராது. முழங்கால் பற்றி யாருக்கும் தகராறு இல்லை, போர்டே ஏற்றுக்கொண்டிருக்கிறது. தகராறு இல்லாத அந்தக் கோரிக்கையை, தகராறு உள்ள இன்னொன்றோடு கட்டிப்போட்டுத் தாமதப்படுத்த வேண்டாம் என்பது என் கருத்து.

பதில்: வழக்கறிஞர், சென்னை

சுபேதார் ஐயா சொன்ன கணக்கு மிகச் சரியானது. நான் தேதி பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் இத்தகைய வழக்குகளில் விகிதத்தை வென்றவர்கள்கூடத் தேதியில் இழந்துவிடுகிறார்கள்.

ஓய்வூதியம் மாதந்தோறும் கிடைக்க வேண்டிய உரிமை. அதைக் குறைத்துக் கொடுத்தால் ஒவ்வொரு மாதமும் புதிய தவறு நிகழ்கிறது என்பது சட்டத்தின் பார்வை. அதனால் காலதாமதம் என்ற ஒரே காரணத்தால் உங்கள் மனுவைத் தூக்கியெறிய மாட்டார்கள். ஆனால் நிலுவை விஷயம் வேறு. 2008-இல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக வகுத்தது. அவர் 1983-இல் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டவர், உயர் நீதிமன்றத்தை நாடியது 1999-இல். ஊன ஓய்வூதிய உரிமையை ஏற்றுக்கொண்ட நீதிமன்றம், நிலுவையை மட்டும் அவர் மனு தாக்கல் செய்த நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளோடு நிறுத்தியது. அதன் பிறகு, படையினரின் பணி, ஓய்வூதிய வழக்குகளைக் கேட்கும் ராணுவத் தீர்ப்பாயங்கள் பெரும்பாலும் இந்த அளவுகோலையே கையாண்டு வந்திருக்கின்றன.

ஆகவே அந்த அளவுகோலின்படி உங்கள் கேள்விக்குப் பதில் இது: 2012-உம் அல்ல, 2019-உம் அல்ல, உத்தரவு நாளும் அல்ல. தீர்ப்பாயத்தில் உங்கள் மனு தாக்கல் செய்யப்படும் நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் பின்னோக்கி எண்ணிப் பாருங்கள், அதுவே நீங்கள் நம்பி எதிர்பார்க்கக்கூடிய தொடக்கத் தேதி. சுபேதார் ஐயாவின் எடுத்துக்காட்டையே எடுத்துக்கொண்டால் 36 மாதங்களுக்கு 1,29,600 ரூபாய், அகவிலை நிவாரணம் நீங்கலாக. நீங்கள் ஒரு மாதம் தள்ளிப்போட்டால், அந்த வரிசையின் பழைய முனையிலிருந்து ஒரு மாதத் தொகை உதிர்ந்துபோகும், அது திரும்ப வராது.

இதனால்தான் வருகிறவர்களிடமெல்லாம் கடிதம் எழுதிக்கொண்டே இருக்காதீர்கள் என்று சொல்கிறேன். மீண்டும் மீண்டும் அனுப்பும் முறையீடுகள் காலக்கெடுவை நீட்டித்துத் தருவதில்லை. நம் மாநிலத்திலிருந்து சென்ற சி. ஜேக்கப் வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகவே சொல்லியிருக்கிறது: பழைய கோரிக்கை ஒன்றுக்கு அலுவலகம் இன்று பதில் எழுதிவிட்டது என்பதால் அந்தக் கோரிக்கைக்குப் புதிய உயிர் வந்துவிடாது.

ஆனாலும் மனுவின் கோரிக்கைப் பகுதியில் 2012 ஜூலை 1 முதல் முழு நிலுவையும் வேண்டும் என்றே எழுதுங்கள். ரவுண்டிங் ஆஃப் சலுகையைத் தாமே வழங்கியிருக்க வேண்டிய அதிகாரிகள் வழங்காமல் விட்டதற்கு ஓய்வூதியர் ஏன் இழக்க வேண்டும் என்ற வாதம் வலுவானது, நியாயமானதும்கூட. கேட்காததை எந்த மன்றமும் கொடுக்காது.

கேள்வி கேட்டவர்

சுபேதார் ஐயாவுக்கும் வழக்கறிஞர் ஐயாவுக்கும் மிக்க நன்றி. ரத்த அழுத்தத்தைச் சேர்த்தாலும் அதே 50-தான் என்பது இதுவரை யாரும் எனக்குச் சொல்லாத ஒன்று. ஆனால் இன்னொரு நிலைமையையும் சொல்ல வேண்டும். கடந்த சில ஆண்டுகளில் முழங்கால் மிகவும் மோசமாகிவிட்டது. மாடிப்படி ஏறுவதற்குக் கைப்பிடியை இரு கைகளாலும் பற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை தேவைப்படும் என்று மருத்துவர் கூறுகிறார். அப்படியானால் 20 சதவீதம் என்பதையே உயர்த்தக் கேட்கலாமா? அப்போது ரத்த அழுத்தமும் கணக்கில் வருமல்லவா?

பதில்: ராணுவ மருத்துவப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவர், கோயம்புத்தூர்

கேட்கலாம். முன்பெல்லாம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறு போர்டுக்கு அழைத்து விகிதத்தைக் கூட்டுவதும் குறைப்பதுமாக இருந்தார்கள். 2001-க்குப் பிறகு அந்த முறை நிறுத்தப்பட்டது. நிரந்தரக் குறைபாடு என்று முடிவு செய்யப்பட்ட விகிதம் வாழ்நாளுக்கும் இறுதியானது, ஆனால் சம்பந்தப்பட்டவர் தாமே மறுஆய்வு கோரினால் போர்டு மீண்டும் கூடலாம். முழங்கால் தேய்மானம் அந்தப் பழைய காயத்தின் தொடர்ச்சி என்பதைக் காட்டும் எக்ஸ்-ரே, எம்.ஆர்.ஐ., சிகிச்சைக் குறிப்புகள் ஆகியவை ஆண்டு வரிசைப்படி இருந்தால் நல்லது. வயதின் காரணமாக வரும் சாதாரணத் தேய்மானம் என்று சொல்லிவிட இடம் இருக்கக் கூடாது. குறிப்பாக, காயம் பட்ட வலது முழங்காலையும் காயம் படாத இடது முழங்காலையும் ஒரே நாளில் எடுத்த எக்ஸ்-ரே மிகவும் உதவும், ஏனென்றால் வயது இரண்டு கால்களுக்கும் ஒன்றுதான்.

இதில் இரண்டு விஷயங்களை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். முதலாவது, மறுஆய்வு போர்டு விகிதத்தைக் கூட்டலாம், அப்படியே விடலாம், குறைக்கவும் செய்யலாம். உங்களுடையது சரியாக 20 என்பதால், ஊனக் கூறு பெறுவதற்கான குறைந்தபட்ச வரம்பின் மேல் நிற்கிறீர்கள். அதற்குக் கீழே எழுதப்பட்டால் புதிய தகராறு ஒன்று தொடங்கும். இரண்டாவது, மறுஆய்வில் கூடிய விகிதம் 2012-க்குப் பின்னோக்கிப் போகாது, போர்டு பார்த்தது இன்றைய காலைத்தான்.

ரத்த அழுத்தம் பற்றி. கூட்டு மதிப்பீடு என்பது இரு எண்களை அப்படியே கூட்டுவதல்ல என்பது உங்கள் படிவத்திலேயே தெரிகிறது, 20-உம் 30-உம் சேர்ந்து 40 ஆனது. முழங்காலின் விகிதம் உயர்ந்து, ரத்த அழுத்தமும் ஏற்கப்பட்டு, கூட்டு மதிப்பீடு 50-ஐத் தொட்டுவிட்டால் அது 75 ஆகக் கணக்கிடப்படும். அந்த ஒரு சூழ்நிலையில் மட்டுமே ரத்த அழுத்தத்துக்கான போராட்டத்துக்குப் பண மதிப்பு உண்டு. மருத்துவ அடிப்படையில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ராணுவ மருத்துவ அதிகாரிகளுக்கான வழிகாட்டி நூலே, நீண்ட காலம் களப் பகுதியிலும் உயரமான மலைப் பகுதியிலும் பணியாற்றிய பிறகு நோய் வெளிப்படுவதை அங்கீகரிக்கிறது. நோய் கண்டுபிடிக்கப்பட்ட ஊர் அமைதிப் பகுதி என்பதால் நோய் அங்கேதான் உருவானது என்று ஆகிவிடாது. ரத்த அழுத்தம் வெளியில் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் இருக்கும், ஆண்டுப் பரிசோதனையில் கருவியைக் கட்டிப் பார்க்கும் நாளில்தான் பெயர் பெறும். எந்தப் பகுதியில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தீர்கள் என்ற பணிப் பட்டியலைப் பெற்று, நோய் முதலில் பதிவான தேதியை அதன் அருகில் வைத்துப் பாருங்கள்.

பதில்: வழக்கறிஞர், சென்னை

கோயம்புத்தூர் ஐயா சொன்னதற்குச் சட்டத்தில் துணை இருக்கிறது. 2013 தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், பணியில் சேரும்போது எந்த நோயும் குறிக்கப்படவில்லை என்றால் அவர் நல்ல உடல்நலத்துடன் சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும், நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்றால் மருத்துவக் குழு அதற்கான காரணங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்றது. உங்கள் படிவத்தில் இருக்கும் அந்த ஒற்றை வரி இந்த அளவுகோலுக்கு முன் நிற்பது கடினம். அதேசமயம் 2019 நர்சிங் யாதவ் வழக்கில், மனநோய் தொடர்பாக, இந்த அனுமானம் இயந்திரம்போல எல்லா நோய்க்கும் பொருந்தாது என்றும் அதே நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆகவே அனுமானத்தை மட்டும் நம்பாமல் பணிப் பட்டியலை ஆதாரமாக வையுங்கள்.

ரத்த அழுத்தத்துக்கு இன்னொரு தேதியும் உண்டு. நீங்கள் ஓய்வுபெற்றபோது நடைமுறையில் இருந்த, ஊன ஓய்வூதியத்துக்கான 2008 உரிமை விதிகளின்படி, சாதாரணமாகக் கோருபவர் தம் உரிமையை நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் பணியிலிருந்து வந்து 15 ஆண்டுகளுக்குப் பிறகு, ஆவணங்கள் அழிக்கப்பட்ட நிலையில் கோரிக்கை எழுந்தால், நிரூபிக்கும் சுமை கோருபவர் மேல் விழும். உங்களுக்கு அந்த 15 ஆண்டுகள் 2027 ஜூனில் நிறைவடைகின்றன. வழக்கு நடத்துகிறீர்களோ இல்லையோ, மருத்துவ ஆவணங்களின் நகல்களை அதற்கு முன் கையில் வாங்கிவிடுங்கள்.

பதில்: முன்னாள் படைவீரரின் மகள், தேனி

ஐயா, என் தந்தையாரின் வழக்கை நான்தான் உடனிருந்து கவனித்தேன், அதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். அவர் 1988-இல் பணிக்காலம் முடித்து வந்தவர், 30 சதவீதம். தீர்ப்பாயம் 50 சதவீதமாகக் கணக்கிட உத்தரவிட்டது, நிலுவை மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு. வெற்றி என்று நாங்கள் மகிழ்ந்த பிறகுதான் அடுத்த கட்டமே தொடங்கியது. திருத்திய ஓய்வூதிய ஆணை வந்தபோது விகிதம் சரியாக 50 என்று இருந்தது, ஆனால் தொடக்கத் தேதி என்ற இடத்தில் மனு தாக்கல் செய்த நாளே அச்சிடப்பட்டிருந்தது. மூன்று ஆண்டுகள் ஒரே வரியில் காணாமல் போயிருந்தன. உத்தரவின் நகலை இணைத்து எழுதிய பிறகு திருத்தினார்கள். பாதுகாப்புத் துறையின் ஓய்வூதிய இணையதளமான ஸ்பார்ஷ் தளத்தில் ஊனக் கூறு தனி வரியாகக் காட்டப்படும். அதில் விகிதத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாமல், எந்தத் தேதி முதல் என்பதையும் பாருங்கள்.

மனுவில் வட்டியும் கேளுங்கள். குறித்த கெடுவுக்குள் தொகை வழங்காவிட்டால் வட்டி என்று உத்தரவில் இருந்தால்தான் அலுவலகங்கள் அசைகின்றன. இன்னொன்று, இதைச் சொல்வதற்கு வருத்தமாக இருந்தாலும் குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டும்: ஊனக் கூறு ஓய்வூதியரின் ஆயுளோடு நின்றுவிடும், குடும்ப ஓய்வூதியத்தில் அது தொடராது. அவர் வாழ்ந்த காலத்துக்கு வரவேண்டிய நிலுவை மட்டும் வாரிசுகளுக்குச் சேரும். அதனால்தான் பெரியவர்கள் இருக்கும்போதே இதை முடித்துவிட வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தேதி பற்றி இவ்வளவு இருக்கிறது என்று எண்ணவே இல்லை. கடைசியாக ஒரு சந்தேகம். முதல் மேல்முறையீட்டுக் குழு, இரண்டாவது மேல்முறையீட்டுக் குழு என்ற படிகளைக் கடந்த பிறகுதான் தீர்ப்பாயத்துக்குப் போக முடியும் என்று சிலர் சொல்கிறார்கள். அந்தக் குழுக்களுக்கு ஆறு மாதக் கெடு என்றும், எனக்கு அது எப்போதோ முடிந்துவிட்டது என்றும் சொல்கிறார்கள். நான் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: வழக்கறிஞர், சென்னை

அந்தக் குழுக்கள் பார்ப்பது, குறைபாடு பணியால் ஏற்பட்டதா, விகிதம் சரியா என்பதைத்தான். உங்கள் முழங்கால் விஷயத்தில் போர்டின் முடிவை நீங்கள் எதிர்க்கவே இல்லை, அதே முடிவுக்கு உரிய பணத்தைத்தான் கேட்கிறீர்கள். 2019-இல் எழுதிக் கேட்டு மறுக்கப்பட்ட கடிதமும் கையில் இருக்கிறது. ஆகவே ரவுண்டிங் ஆஃப் கோரிக்கையை நேரே ராணுவத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் தாக்கல் செய்யுங்கள். 2007 ராணுவத் தீர்ப்பாயச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு மறுப்பு உத்தரவிலிருந்து ஆறு மாதக் கெடு வைத்திருக்கிறது. 2019 கடிதத்துக்கு அது கடந்துவிட்டதால், தாமதத்தைப் பொறுத்தருளக் கோரும் தனி மனுவையும் உடன் வையுங்கள். தொடரும் தவறு என்ற அடிப்படையில் அதை ஏற்பது வழக்கம்தான். போர்டு படிவம், ஓய்வூதிய ஆணை, 2019 மறுப்புக் கடிதம், ராம் அவதார் தீர்ப்பின் நகல் ஆகிய நான்கும் இந்த மனுவுக்குப் போதும். கட்டணம் செலுத்தி வழக்கறிஞர் வைக்க இயலாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

ரத்த அழுத்தத்தை இந்த மனுவில் சேர்க்க வேண்டாம். அதற்கு முதல் மேல்முறையீட்டை, தாமதத்துக்கான காரணத்தோடும் பணிப் பட்டியலோடும், தனியாக இப்போதே, உங்கள் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்டு அலுவலகத்தின் வழியாக அனுப்பிவிடுங்கள். நிராகரித்தால் இரண்டாவது குழு, அங்கும் மறுத்தால் தீர்ப்பாயம். மறுஆய்வு போர்டைப் பொறுத்தவரை, முதலில் கோயம்புத்தூர் ஐயா சொன்ன எக்ஸ்-ரேக்களை எடுத்து, அவற்றைப் பார்த்த எலும்பு மருத்துவரின் கருத்தை எழுத்தில் வாங்குங்கள். முழங்கால் மட்டுமே 40-க்கு மேல் வரும் என்று அவர் உறுதியாகச் சொன்னால் விண்ணப்பியுங்கள், இல்லையென்றால் 20-ஐ அசைக்காமல் விட்டுவிடுங்கள். தீர்ப்பாய மனு இவை எதற்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. அதை இந்த மாதமே தாக்கல் செய்யப் பாருங்கள்.